முகம் பார்த்துச் சொன்ன காற்று

அவர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்ப்பார்.

சக்கரத்தின் பக்கத்தில் ஒற்றை முழங்காலை ஊன்றி உட்காருவார். வால்வு மூடியைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொள்வார். மீட்டரை வைத்து அழுத்துவார். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டிய அந்த நொடியில் தலையை நிமிர்த்தி வண்டிக்காரரைப் பார்ப்பார். அவசரமாகப் போகிறாரா, அலுப்பில் இருக்கிறாரா, என்ன கேட்டால் மனம் குளிரும் என்பதெல்லாம் அவருக்கு அங்கேதான் எழுதியிருக்கும். பிறகு உதட்டில் மூடியோடு சொல்வார்.

"கரெக்டா இருக்குங்க."

எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. மாதா கோவிலுக்குப் போகிற குடும்பம். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய மனைவியை அண்ணி என்பேன். திருவிடைமருதூரிலிருந்து ஆடுதுறை போகிற ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு பஞ்சர் கடை வைத்திருந்தார். இளவயதில் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய், இரண்டு வருடத்தில் திரும்பி வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார். வயதானவர்கள் கேட்டால், "அப்பா அம்மாவப் பாக்காம இருக்க முடியலங்க." வாலிபர்கள் கேட்டால், "அங்க என்னடா இருக்கு, ஒரு நல்ல டீ கெடைக்காது."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் நான் போகும்போது தெருவே பார்க்கும். அந்தச் சைக்கிளின் பின் டயரில் எங்கோ மெல்லிய கசிவு இருந்தது. தினமும் காலையில் அவர் கடையில் நிறுத்துவேன். அவர் கட்டைவிரலால் டயரை அழுத்துவார். என் முகத்தைப் பார்ப்பார். முதல் மணி அடித்துவிடுமே என்ற என் பதற்றம் அவருக்குத் தெரிந்துவிடும்.

"கல்லு மாதிரி இருக்கும்மா. தைரியமாப் போ."

பாதி வழியில் டயர் தரையோடு ஒட்டிவிடும். வெயிலில் உருட்டிக்கொண்டு போவேன். மறுநாள் சண்டைக்குப் போனால், "அப்படியா? அடப்பாவமே! யாரு முள்ளப் போட்டா ரோட்டுல?" என்று என்னைவிட அதிகமாகக் கோபப்படுவார். அந்தக் கோபத்தைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வந்துவிடும். சண்டை போட முடியாது.

ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் அவர் கடையில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேட்டூர் அணை இந்த வருடம் திறக்குமா என்று விவசாயிகள் கேட்பார்கள். "ஆடிக்குள்ள வாய்க்கால்ல தண்ணி வந்துருங்க" என்பார். வானத்தையோ பேப்பரையோ பார்த்துச் சொன்னதில்லை. என் அம்மா நான் தேறிவிடுவேனா என்று கேட்டால், "தேர்றதா? மாவட்டத்துலயே மொத ஆளு உங்க பொண்ணுதான்" என்பார். அம்மா அன்று முழுக்கச் சிரித்த முகத்தோடு இருப்பாள்.

ஒரு கல்யாண வேன் வந்து நின்றது. சுவாமிமலை இன்னும் எவ்வளவு தூரம் என்று ஓட்டுநர் கேட்டார். இரவெல்லாம் ஓட்டிய கண்கள். அண்ணன் அந்தக் கண்களைப் பார்த்தார்.

"தோ... இந்தா வந்துட்டுதுங்க. ஒரு டீ குடிச்சுட்டே போலாம்."

கும்பகோணத்தைத் தாண்டிப் போக வேண்டிய வேன். அந்த ஓட்டுநர் நிதானமாக டீ குடித்தார். முகூர்த்தம் தவறிப்போய், மறுநாள் பெண்ணின் மாமா கடையைத் தேடி வந்து கத்திவிட்டுப் போனார். அவர் கத்தி முடிக்கும் வரை அண்ணன், "நியாயந்தாங்க, எவன் சொன்னானோ அவனச் சும்மா விடக்கூடாதுங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வரப்புத் தகராறில் இரண்டு பேர் அவர் கடையில் வைத்து மோதிக்கொண்ட கதையை அப்பா அடிக்கடி சொல்வார். தனித்தனியாகக் கேட்டபோது இரண்டு பேரிடமும், "உங்க பக்கந்தாங்க நியாயம்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து, "யாரு பக்கம், இப்பச் சொல்லு" என்றதும் கையிலிருந்த பம்பைப் போட்டுவிட்டு வயலுக்குள் இறங்கி ஓடிவிட்டாராம்.

"அவன் வாயில இல்லங்கிற வார்த்தையே வராது. பொறந்தப்பவே எங்கயோ தொலைச்சுட்டான்" என்பார் அப்பா.

எனக்கு அது சிரிப்பான விஷயமாகப் படவில்லை. எங்கள் தெருவில் எல்லோருமே ஆலைக்காரர் முன்னால் 'சரிங்க' என்றவர்கள்தான். தாத்தா சொன்னார், அப்பா சொன்னார். மற்றவர்கள் மேலே இருப்பவர்களிடம் மட்டும் சொன்னதை இவர் உலகத்துக்கே சொன்னார், அவ்வளவுதான். நான் படித்ததே அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆலைக்காரரின் மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து ஒரு கார் வாங்கினார். தரையைத் தொடுகிற உயரம், இரண்டே இருக்கை. அது எங்கள் ஊர் ரோட்டுக்கான வண்டியே இல்லை. அறுவடைக் காலத்தில் ரோடு முழுக்க நெல் காயும். ஆலையிலிருந்து பெரிய ரோட்டுக்கு அந்தக் கார் வரும்போது அண்ணன் முன்னால் நடந்து போவார். நெல்லை ஒதுக்கச் சொல்லிப் பெண்களைக் கெஞ்சுவார். "எங்க சோத்துல ஏத்துறதுக்குன்னே வாங்கினானா இத?" என்று அவர்கள் திட்டுவார்கள். அவர் காரின் கண்ணாடி அருகே குனிந்து, "நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் அவங்களே ஒதுக்கிட்டாங்க தம்பி" என்பார்.

அந்தத் தம்பிக்குச் சென்னைக்கு அருகிலுள்ள பந்தயத் தடத்தில் ஓட்டுவதுதான் பைத்தியம். போட்டி எல்லாம் கிடையாது. பணம் கட்டினால் ஒரு நாள் முழுக்கச் சொந்தக் காரை அந்த வளைவுகளில் ஆசை தீர விரட்டலாம். ட்ராக் டே என்பார்கள். டயரில் காற்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

அண்ணன் அதை எனக்கு விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. நான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருந்த நேரம். தடத்தில் விரட்டினால் டயர் கொதிக்கும், உள்ளே காற்று விரியும். காலையில் இருபத்தாறு பாயிண்ட் வைத்து அனுப்பினால், நாலைந்து சுற்று முடித்து வரும்போது முப்பத்து மூன்று காட்டும். அதனால் குறைவாக வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். வண்டி உள்ளே வந்த உடனே, சூடு ஆறுவதற்குள், நாலு சக்கரத்தையும் பார்த்து, கூடுதலாக இருப்பதை விட வேண்டும்.

"கூடுதலா இருந்தா வழுக்கும், கொறஞ்சா கொழகொழன்னு போவும். நடுவுல ஒரு எடம் இருக்கும்மா. அங்க வந்து நின்னுச்சுன்னா வண்டி ரோட்ட அப்படியே கவ்விக்கும்."

"சாயந்தரம்?"

"சாயந்தரம் டயர் ஆறிப்போவும். உள்ள இருக்கறதும் எறங்கிரும். நாமதான் பகல்லயே கொஞ்சங் கொஞ்சமா விட்டுருக்கோமே. அப்படியே மெட்ராஸ் ரோட்டுல வெரட்டுனா டயரு மடங்கி மடங்கி உள்ளுக்குள்ள வெந்து வெடிச்சுரும். அதனால வீட்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி திரும்ப முப்பத்தஞ்சுக்கு ஏத்தணும். அத மட்டும் மறக்கவே கூடாது."

முதல் தடவை போனபோது வழக்கம்போல முகம் பார்த்திருக்கிறார். சூட்டில் முப்பத்திரண்டு இருக்க வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார். நாலு சக்கரமும் முப்பத்திரண்டு என்று சொல்லிவிட்டார். அடுத்த சுற்றில் கார் வளைவில் சுழன்று புல்லில் போய் நின்றது. தம்பி தானே இறங்கி மீட்டரை வைத்துப் பார்த்தால் இடது முன் சக்கரம் முப்பத்தெட்டு.

"எனக்குப் பிடிச்ச நம்பர் வேணாம்யா. இருக்கற நம்பரச் சொல்லு. உள்ள உக்காந்திருக்கறது என் உசுரு" என்று கத்தினாராம்.

இதை அண்ணனே சொன்னார். சொல்லும்போது முகத்தில் அவமானம் தெரியவில்லை. யாரோ அவரை முதல் முறையாக மதித்தது போல ஒரு வியப்புத்தான் இருந்தது. "இருக்கறதச் சொல்லுன்னு ஒருத்தர் கேட்டு இப்பத்தாம்மா பாக்கறேன்."

அதற்குப் பிறகு அந்தத் தடத்தில் மட்டும் அவர் வேறு ஆளாக இருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த வட்ட மீட்டர் ஒன்றைத் தம்பி அவருக்குக் கொடுத்திருந்தார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கே போய் அண்ணியிடம் திட்டு வாங்கினார்.

"மாதாவுக்குக் காத்து கொறஞ்சுட்டா, பாக்கப் போறீங்க?" என்றாள் அண்ணி.

நான் படித்து முடித்து, ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தத் தடம் எனக்குப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வந்து பாரும்மா, நம்ம வேலைய" என்று போன் செய்தார். ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.

அன்று நான் பார்த்த மனிதரை எங்கள் ஊர் பார்த்ததில்லை. கார் உள்ளே வந்து நிற்பதற்குள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவார். டயரிலிருந்து அனல் அடிக்கும். உதட்டில் மூடி. கண் முள்ளிலேயே இருக்கும். "இடது முன்னாடி முப்பத்தாறு. பின்னாடி முப்பத்தஞ்சரை. வலது ரெண்டும் முப்பத்துமூணு. வெயில் படற பக்கம் தம்பி, அதயும் சேத்துப் பாருங்க." தம்பி தலையை அசைப்பார். இவர் காற்றை விடுவார், மறுபடி பார்ப்பார். ஒருமுறைகூட நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தம்பியின் நண்பர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். துபாயில் இதே மாதிரியான ஒரு தடத்தில் பணக்காரர்களின் கார்களைப் பராமரிக்கும் பட்டறை நடத்துகிறவர். அவர் பகல் முழுக்க அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க வந்துடுறீங்களா? காத்து பாக்கறது மட்டும்தான் வேலை. ஏமாத்தாமப் பாக்கற ஆளு எனக்குக் கெடைக்கறதில்ல."

அண்ணன் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவருடைய வீட்டின் சுவர் ஜன்னல் உயரத்தோடு நின்றுபோய், மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருந்தார்கள். மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போக வேண்டியவள். பாஸ்போர்ட் சிங்கப்பூருக்குப் பிறகு புதுப்பித்து வைத்திருந்தார். விசா அடுத்த மாதமே எடுத்துவிடலாம் என்று நண்பர் சொல்லிவிட்டு, தன் காரை லாரியில் ஏற்றப் போனார். அண்ணன் என் பக்கம் திரும்பி, "உங்க அண்ணிகிட்ட இப்பச் சொல்லிறாத. நேர்ல போய்ச் சொல்லி அவ மூஞ்சியப் பாக்கணும்" என்றார்.

மறுநாள் காலை தம்பிக்கு ஊரில் நிச்சயதார்த்தம். நாலு மணிக்கே கிளம்ப வேண்டும் என்றவர் நண்பர்களோடு பேசிக்கொண்டு நின்றதில் நேரம் போய்விட்டது. டயர்கள் ஆறிவிட்டன. காற்றடிக்கும் இயந்திரத்தையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தம்பி வந்து கதவைத் திறந்தபோது அண்ணன் சக்கரத்தருகே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏறுங்க, போலாம்."

"தம்பி, இருபத்தஞ்சுதான் இருக்கு. இப்படியே ரோட்டுல போகக் கூடாதுங்க."

"வழியில பங்க்ல அடிச்சுக்கலாம்."

"இல்லங்க. வேண்டாங்க. உள்ள எங்கயாவது கேட்டு நான் பம்ப் கொண்டாறேன். அரை மணி நேரங்க."

இல்லை என்ற அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் கேட்டேன். அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

தம்பி கதவில் கை வைத்தபடி நின்றார். "என்னண்ணே, நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா? வீட்டுல அப்பா பத்து தடவ போன் பண்ணிட்டாரு. ஏறுங்கன்னா ஏறுங்க." குரல் உயரவில்லை. முகம்தான் மாறியது.

அண்ணன் நிமிர்ந்தார். அந்த முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், எனக்குத் தெரிந்துவிட்டது. உதட்டிலிருந்த மூடியை எடுத்து வால்வில் திருகினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க தம்பி. வழியில பாத்துக்கலாம்."

கார் வெளியே போகும்போது ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினார்.

வழியில் பங்க் இருந்ததா, அங்கே இயந்திரம் ஓடியதா, இவர் மறுபடி வாய் திறந்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வடலூர் தாண்டி, நன்றாக இருட்டிய பிறகு, பின் டயர் வெடித்து கார் ஒரு புளியமரத்தில் மோதியது. அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவும் நெற்றியில் தையலும். தம்பிக்கு முதுகெலும்பு.

மறுநாள் நான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடைபாதையில் ஆலைக்காரர் உட்கார்ந்திருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு உடுத்த எடுத்து வைத்த பட்டு வேட்டியோடு வந்திருந்தார். வேறு வேட்டி எடுக்கத் தோன்றவில்லை போலும். என் அப்பாவும் ஆலை ஆட்கள் சிலரும் தள்ளி நின்றார்கள். துபாய் நண்பர் சுவரோரமாக நின்றிருந்தார். அண்ணன் ஒரு கையைத் தூளியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தூண் ஓரம் நின்றார்.

ஆலைக்காரர் அவரைக் கூப்பிட்டார்.

"டயர்ல காத்து இல்லன்னு போலீஸ்காரன் சொல்றான். நீ பாக்கலையா?"

அண்ணன் பதில் சொல்வதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்தார்.

"உன்ன நம்பித்தானேய்யா அனுப்பினேன். அவனுக்கு என்ன தெரியும், சின்னப்புள்ள. சொல்லு. பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கலைங்க ஐயா. மறந்துட்டேங்க."

நான் நின்ற இடத்திலிருந்தே சத்தம் போட்டேன். "அவரு பாத்தாரு. இருபத்தஞ்சுதான் இருக்கு, போக வேண்டாம்னு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன்."

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறிவிட்டேன். நண்பர் சுவரிலிருந்து நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். ஆம் என்று ஒரு தலையசைப்புப் போதும். எல்லோருக்கும் முன்னால், ஒரே ஒரு தலையசைப்பு.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். சைக்கிள் காலத்துச் சிரிப்பு.

"இல்லம்மா. அது காலையில பாத்தது. உனக்கு இதெல்லாம் தெரியாது. சாயந்தரம் நான் பாக்கவே இல்ல."

இல்லை என்று இரண்டாவது முறை அவர் சொல்லிக் கேட்டது அப்போதுதான். அதை என்னிடம் சொன்னார்.

ஆலைக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகன்மேல் தவறில்லை என்று கிடைத்த ஆறுதலில் வந்த அழுகை என்று எனக்குப் பட்டது. நண்பர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.

பஸ் நிறுத்தத்தில் நானும் அண்ணனும் நின்றோம்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"அந்த மூஞ்சியப் பாத்தியாம்மா? உள்ள புள்ள கெடக்குது. ஒம் புள்ளதான் கேக்கலன்னு அந்த மனுசன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"ஐயாகிட்டச் சொல்ல முடியாது, சரி. என்னைப் பொய்க்காரி ஆக்கினீங்களே, அது முடிஞ்சுதா?"

"நீ படிச்ச பொண்ணு. உன்ன யாரும்மா என்ன சொல்லப் போறா?"

"துபாய்?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தார்.

"அதெல்லாம் கெடைக்கும்மா. அவரு நல்ல மனுசன். போன் பண்ணுவாரு."

எனக்கு எந்த அளவு வேண்டுமோ அதை அவர் எனக்குச் சொன்னார்.

போன் வரவில்லை. தம்பி பிழைத்தார், எழுந்து நடக்கவில்லை. நன்றாகப் பேச ஆரம்பித்த பிறகும், அண்ணன் காற்று பார்க்கவில்லை என்ற பேச்சை அவர் திருத்தவில்லை. அவருக்கு நினைவில்லையோ, நினைவிருந்ததோ. பிறகு வெளிநாட்டில் இருந்த தன் அக்காவிடமே போய்விட்டார். எங்கள் ஊரில் 'காத்து பாக்க மறந்தவன்' என்ற பேர் அண்ணனுக்கு நிலைத்தது. பெரிய வண்டிகள் அந்தக் கொட்டகையில் நிற்பது குறைந்து, பிறகு சைக்கிள்களும் நிற்கவில்லை. அண்ணி வீட்டு வேலைக்கு குவைத் போனாள். போக வேண்டியவர் போகாமல் இருந்ததால் அவள் போனாள். மகள் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். சுவர் இன்னும் ஜன்னல் உயரத்தில்தான் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் கத்தியதற்காக அப்பா ஒரு வருடம் ஆலையில் தலைகுனிந்து நின்றார். அதற்காக நான் வருத்தப்படவில்லை. நான் சொன்னது இருந்ததைத்தான்.

போன பொங்கலுக்கு என் சொந்தக் காரை நானே ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். பழைய வண்டிதான், ஆனாலும் எங்கள் தெருவின் முதல் கார். புறவழிச் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் காற்றுக்கு நிறுத்தினேன். இப்போதெல்லாம் இயந்திரத்தில் வேண்டிய அளவை அழுத்திவிட்டால் அதுவே அடித்து, முடிந்ததும் கீச்சிடும். முள் பார்க்கிற வேலை இல்லை. நரைத்த ஒருவர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எவ்வளவு வைக்கட்டுங்க?"

குரலில் அடையாளம் தெரிந்தது. இறங்கி, "நான்தாண்ணே" என்றேன்.

நிமிர்ந்தார். முகம் விரிந்தது. "அட! நம்ம பாப்பாவா! வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா? வண்டி வாங்கிட்டீங்களா?"

என்னை அவர் நீங்க என்றார். நீ என்று சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"அண்ணி எப்ப வர்றாங்க?"

"வந்துருவாங்கம்மா, சித்திரையில." ஆறு சித்திரை போய்விட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள். "எவ்வளவு வைக்கட்டும்?"

"நீங்களே பாத்து வைங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

"அய்யோ, இல்லம்மா. வண்டிக்காரங்க சொல்றதத்தான் வைக்கணும். நம்மளா வைக்கக் கூடாது."

என் சின்னக் காருக்கு முப்பத்திரண்டுதான். அது அவருக்குப் பார்த்த உடனே தெரியும். எனக்குள் ஏதோ ஒன்று எழுந்தது. அது கோபமா, கெஞ்சலா என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

"அம்பது வைங்க."

குழாயோடு குனிந்தவர் அப்படியே நின்றார். உதட்டில் வால்வு மூடி. வேண்டாம் என்று சொல்லுங்கள் அண்ணே, ஒரு தடவை சொல்லுங்கள், திட்டுங்கள், பைத்தியமா நீ என்று கேளுங்கள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். அவர் என் முகத்தை அண்ணாந்து பார்த்தார். என் கழுத்துச் சங்கிலியை, கையிலிருந்த கார் சாவியை, மறுபடி முகத்தை.

"சரிங்கம்மா."

நாலு சக்கரத்துக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தார். இயந்திரம் நாலு தடவை கீச்சிட்டது. எழுந்து, பழக்கத்தில் கட்டைவிரலால் டயரை ஒருமுறை அழுத்தினார்.

"கல்லு மாதிரி இருக்கும்மா. தைரியமாப் போங்க."

எங்கள் ஊர்த் திருப்பம் வரை ரோட்டின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறியது. நெல் காய்ந்துகொண்டிருந்த இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். சக்கரத்தின் பக்கத்தில் முழங்காலை ஊன்றி, மூடியைக் கழற்றி, சாவி நுனியால் வால்வு ஊசியை அழுத்தினேன். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. என்னிடம் மீட்டர் இல்லை.